சாலையோரத்தில் லோடு இறக்க மாநகர அனுமதி: முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

வண்டியின் நான்கு மூலை விளக்குகளையும் மினுக்கவிட்டு நிறுத்தினால் அபராதம் வராது என்று ஒரு நம்பிக்கை ஓட்டுநர்களிடையே உண்டு. நானும் நம்பியவன்தான். கடைக்கு முன்னால் வேனை நிறுத்தி, விளக்கைப் போட்டு, பின்கதவைத் திறந்து, ஆறு காகிதக் கட்டுகளை உள்ளே வைத்துவிட்டுத் திரும்புவேன். கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் அபராதச் சீட்டு செருகியிருக்கும். "இறக்கிக்கொண்டுதானே இருந்தேன்" என்று சொல்லிப் பயனில்லை. அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்த வண்டியை வைத்து இறக்க உரிமை இருந்ததா என்பது மட்டும்தான் நகர அதிகாரிகளின் கேள்வி. அந்த உரிமையை எழுத்தில் வாங்கும் வழியை இங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்த அனுமதி யாருக்கும் இடத்தைச் சொந்தமாக்காது. கடை உங்களுடையதாக இருக்கலாம், வாசற்படிவரை பத்திரம் இருக்கலாம். படியைத் தாண்டிய நடைபாதையும் சாலையும் ஊருக்குப் பொது. கிடைப்பது, கொஞ்ச நேரம் நின்று வேலையை முடித்துக்கொள்ளும் சலுகை. "என் கடை வாசலில் வேறு வண்டிகள் நிற்கின்றன, தடுக்கவும்" என்ற தொனியில் எழுதிய விண்ணப்பங்கள் அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதே தெருவில், அதே அளவுக் கடைக்கு, ஒரு வாரக் கணக்கை இணைத்து எழுதிய விண்ணப்பம் நிறைவேறியதையும் பார்த்திருக்கிறேன். அதனால் படிவத்தைக் கடைசியில் தொடுவோம்.

மூன்றில் உங்களுக்கு எது?

"லோடிங் பெர்மிட்" என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும், பெரும்பாலான நகரங்களில் அது மூன்று வெவ்வேறு காரியங்கள். மூன்றுக்கும் படிவம் வேறு, கட்டணம் வேறு, சில நேரம் அலுவலகமே வேறு.

முதலாவது, வண்டிக்கான அனுமதி. நகரம் ஏற்கெனவே பலகை வைத்துக் குறித்திருக்கும் லோடு இறக்கும் இடங்களில் உங்கள் வண்டி நிற்கலாம் என்பதற்கான சீட்டு அல்லது ஸ்டிக்கர். சியாட்டிலில் வணிக வண்டிகளுக்கென ஒதுக்கிய இடங்களில் நிற்க இப்படி ஆண்டு அனுமதி எடுக்க வேண்டும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2015 முதல் ஆண்டு அனுமதி, ஒருநாள் அனுமதி, கைப்பேசி வழியாக அவ்வப்போது செலுத்தும் கட்டணம் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். ஊர் முழுக்கச் சுற்றி விநியோகிப்பவருக்கு இதுதான் தேவை.

இரண்டாவது, இடத்துக்கான கோரிக்கை. உங்கள் கட்டடத்துக்கு அருகில் அப்படி ஓர் இடமே இல்லை, புதிதாகக் குறித்துத் தாருங்கள் என்று கேட்பது. இங்கே விண்ணப்பிப்பவர் கடைக்காரர், கட்டட உரிமையாளர் அல்லது வணிகர் சங்கம். பலகை நட வேண்டும், வண்ணம் பூச வேண்டும், சில ஊர்களில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். மூன்றில் இதுவே நீளமான பாதை. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

மூன்றாவது, தற்காலிக அனுமதி. அலுவலகம் மாறுகிறீர்கள், கனமான இயந்திரம் வந்து இறங்கப்போகிறது, உள்வேலைக்குப் பொருள்கள் ஒரு வாரம் தொடர்ந்து வரப்போகின்றன என்றால் இது போதும். வேலை நாளுக்குச் சில நாள்கள் முன்பே விண்ணப்பித்து, நகரம் தரும் தற்காலிகப் பலகையை முன்கூட்டியே வைக்க வேண்டியிருக்கும். ஒருநாள் வேலைக்கு நிரந்தர இடம் கேட்டு அலைபவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நான் முதன்முறை போனபோது முதலாவதற்கும் இரண்டாவதற்கும் வேறுபாடு தெரியாது. வேனுக்கு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன். எங்கள் தெருவில் லோடு இறக்கும் இடமே கிடையாது என்பது அடுத்த அபராதச் சீட்டு விழுந்த பிறகுதான் உறைத்தது. செல்லும் சாவிதான், பூட்டு அந்தத் தெருவில் இல்லை.

பலகையையும் வண்ணத்தையும் படியுங்கள்

அனுமதி தேவையா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பல இடங்களில் நிறுத்தத் தடை இருந்தாலும் ஏற்றி இறக்கத் தடை இருக்காது. லண்டன் உட்பட பிரிட்டன் முழுவதும் சாலையோரத்தில் மஞ்சள் கோடு இருக்கிறது என்பதாலேயே லோடு இறக்கக் கூடாது என்று பொருளில்லை. விளிம்புக் கல்லின்மேல் குறுக்காக இழுத்த குட்டி மஞ்சள் கீற்றுகளைப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கீற்று இருந்தால் பலகையில் எழுதிய நேரத்தில் இறக்கக் கூடாது. இரட்டைக் கீற்று இருந்தால் எந்நேரமும் கூடாது. கீற்றே இல்லாவிட்டால், வேறு தடைப் பலகை இல்லாதவரை, இரட்டை மஞ்சள் கோட்டின் மீதுகூட நிறுத்தி இறக்க வழியுண்டு. சிவப்புக் கோடு போட்ட பெருஞ்சாலைகளில் கதை வேறு. அங்கே குறித்த கட்டத்துக்குள் மட்டும்தான்.

கலிஃபோர்னியாவில் விளிம்புக் கல்லின் வண்ணமே பேசும். சிவப்பு என்றால் நிற்கக் கூடாது, மஞ்சள் என்றால் ஏற்றி இறக்க, வெள்ளை என்றால் ஆள்கள் ஏறி இறங்க, பச்சை என்றால் சிறிது நேர நிறுத்தம், நீலம் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு. பாரிஸில் லோடு இறக்கும் இடம் மஞ்சள் கோட்டால் குறிக்கப்பட்டிருக்கும். கோடு ஒற்றையாக இருந்தால் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மற்றவர்களும் நிறுத்தலாம். இரட்டையாக இருந்தால் எப்போதும் சரக்கு வண்டிக்கே. ஒரு கோடு கூடுவதில் எவ்வளவு பொருள் மாறுகிறது பாருங்கள். உங்கள் ஊரின் குறியீடு இவற்றில் எதைப்போலவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் குறியீடு இல்லாத ஊர் அரிது. தெருவின் இரு பக்கமும், இரண்டு முனைவரைக்கும் நடந்து, ஒவ்வொரு பலகையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சந்தில் பயன்படாமல் கிடக்கும் லோடிங் இடம் ஒன்று கண்ணில் பட்டால் இந்த வேலை இதோடு முடிந்தது.

ஒரு வாரம், ஒரு நோட்டு

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்காதவர் இல்லை. குதிக்காதீர்கள். ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம், கடைக்கு வரும் ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் ஒரு வரி எழுதுங்கள். வந்த நேரம், கிளம்பிய நேரம், வண்டியின் வகை, எங்கே நின்றது, எத்தனை பெட்டி, எவ்வளவு தூரம் சுமந்தார்கள். வாசலில் ஒட்டி நின்றதா, இரண்டாவது வரிசையில் சாலையை மறித்து நின்றதா என்பதையும் எழுத வேண்டும். அதிகாரியை அசைப்பது அந்தக் கடைசிச் செய்திதான். உங்கள் வசதிக்காக மட்டும் என்றால் கோரிக்கை பொறுக்கும். பின்னால் வரும் பஸ்ஸும் சைக்கிளும் சிக்கிக்கொள்கின்றன என்றால் பொறுக்காது.

நான் எழுதிய நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கிறது: காலை 8.52, மூடிய பெட்டி லாரி, இரண்டாவது வரிசை. 8.55, பின்கதவு திறந்தது. 9.01, தள்ளுவண்டியில் முதல் நடை. 9.06, இரண்டாம் நடை. 9.09, கடைசிப் பெட்டி. 9.21, லாரி கிளம்பியது. பெட்டிகள் 9.09-க்கே உள்ளே வந்துவிட்டன. அதற்குப் பிறகு பன்னிரண்டு நிமிடம் லாரி எதற்காக நின்றது? ரசீதில் கையெழுத்துப் போட வேண்டியவர் மேல்மாடியில் இருந்தார். ஓட்டுநர் படிக்கட்டடியில் காத்திருந்தார். கையெழுத்துப் போடும் பொறுப்பைக் கீழே இருந்த ஒருவருக்கு மாற்றியதும் நிற்கும் நேரம் ஏறத்தாழப் பாதியானது. அனுமதி வருவதற்கு முன்பே நோட்டு ஒரு வேலையைச் செய்துவிட்டது.

இது என் கடைக்கு மட்டும் நேர்ந்த விநோதம் அன்று. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நகர்ப்புறச் சரக்கு ஆய்வகம், சரக்குப் பயணத்தின் 'கடைசி ஐம்பது அடி' என்று இந்தப் பகுதிக்குப் பெயரே வைத்து ஆராய்கிறது. வண்டி நின்ற இடத்திலிருந்து பெறுபவர் கைக்குப் போய்ச் சேரும்வரை உள்ள தூரம் அது. லிஃப்டுக்காகக் காத்திருப்பது, காவலாளியிடம் பெயர் எழுதுவது, ஆளைத் தேடுவது எல்லாம் அந்த ஐம்பது அடிக்குள்தான் நடக்கின்றன. அத்தனை நேரமும் வண்டி சாலையோர இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

நோட்டைக் கூட்டிப் பார்க்கும்போது இரண்டு எண்கள் கிடைக்க வேண்டும்: எந்த மணி நேரங்களில் வண்டிகள் குவிகின்றன, ஒரு வண்டி வழக்கமாக எத்தனை நிமிடம் நிற்கிறது. விண்ணப்பத்தின் முதுகெலும்பு இவைதான். சராசரியை மட்டும் எழுதாதீர்கள். பத்து வண்டிகள் பத்துப் பத்து நிமிடமும் ஒரு வண்டி ஒன்றரை மணி நேரமும் நின்றால் சராசரி யாரையும் குறிக்காது. அந்த ஒன்றரை மணி நேர வண்டிக்கு வேறு ஏற்பாடு தேடுங்கள்.

அளவுநாடா

அடுத்து நீளம். இங்கே எல்லோரும் செய்யும் பிழை, லாரியின் நீளத்தை மட்டும் அளந்து அதையே கேட்பது. லாரி மேலிருந்து இறங்கி நிற்பதில்லை. முன்னும் பின்னும் வளைந்து உள்ளே வர இடம் வேண்டும். நின்ற பிறகு பின்கதவு திறக்க வேண்டும். பின்னால் இறங்கும் தூக்குமேடை இருந்தால் அது விரிந்து தரையைத் தொட இடம் வேண்டும், அதற்கும் பின்னால் தள்ளுவண்டியைத் திருப்ப ஒரு ஆள் நிற்கும் அளவு வேண்டும். இதையெல்லாம் கூட்டினால், எட்டு மீட்டர் லாரிக்கு எட்டு மீட்டர் ஒருநாளும் போதாது. ஓட்டுநரையே கூப்பிட்டு, போக்குவரத்துக் குறைந்த நேரத்தில் ஒருமுறை நிறுத்திக் காட்டச் சொல்லி, தூக்குமேடையை இறக்கி, சுண்ணாம்புக் கட்டியால் முன்னும் பின்னும் குறி போட்டு அளப்பதுதான் சரியான வழி.

அகலமும் பார்க்க வேண்டும். சரக்கு லாரியின் உடல் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் (அமெரிக்காவில் 8.5 அடி, ஐரோப்பாவில் பெரும்பாலும் 2.55 மீட்டர் என்பது மேல்வரம்பு). பக்கக் கண்ணாடிகள் இதில் சேரா. கார் நிறுத்தப் போட்ட கோட்டுக்குள் லாரியை நிறுத்தினால் மிச்சம் சாலைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். சைக்கிள் பாதை பக்கத்தில் இருந்தால் அங்கேயே உங்கள் கோரிக்கை நின்றுவிடும்.

பிறகு தடைகள். சாலை முனை, பாதசாரிக் கடப்பு, பஸ் நிறுத்தம், தீயணைப்புக் குழாய், அண்டை வீட்டு வாகன வழி, சக்கர நாற்காலிக்கான சரிவு ஆகியவற்றை ஒட்டி இடம் கேட்டால் கிடைக்காது. ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு தள்ளி என்பதை நகரத்தின் விதி சொல்லும். நியூயார்க்கில் தீயணைப்புக் குழாயிலிருந்து இரு பக்கமும் பதினைந்து அடி விட வேண்டும். ஊருக்கு ஊர் எண் மாறும். விடவேண்டும் என்பது மாறாது. நான் ஒருமுறை மிக அழகாக அளந்து, வரைபடம் போட்டு, வண்ணம் தீட்டி அனுப்பிய இடத்தின் நடுவில் ஒரு வாகன வழி இருந்தது. பூட்டிய கதவு, துருப்பிடித்த சங்கிலி, ஆண்டுக்கணக்காக யாரும் திறக்கவில்லை. ஆனால் நகரத்தின் பதிவேட்டில் அது உயிரோடுதான் இருந்தது.

வரைபடத்துக்குக் கட்டட வரைவாளர் தேவையில்லை. வடக்கு எது என்று காட்டும் அம்பு, தெருப் பெயர், கட்டட எண், நீங்கள் கேட்கும் தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் ஏதாவது நிலையான பொருளிலிருந்து இத்தனை மீட்டர் என்ற குறிப்பு, இருபுறத் தடைகள் ஆகியவை இருந்தால் போதும். "மரத்திலிருந்து" என்று எழுதாதீர்கள், மரத்தை வெட்டிவிடுவார்கள். விளக்குக் கம்பத்துக்கு எண் இருக்கும்; அதை எழுதுங்கள். படங்களை நிற்கும் உயரத்திலிருந்து எடுங்கள். ஒன்று தெருவின் நீளவாக்கில், ஒன்று எதிர்ப்புறத்திலிருந்து, ஒன்று உங்கள் வாசலிலிருந்து சாலையை நோக்கி. நான்காவதாக, லாரி இரண்டாவது வரிசையில் நின்று சாலையை மறிக்கும் படம். சங்கடமாக இருந்தாலும் இணைத்துவிடுங்கள்.

உங்கள் வண்டி வணிக வண்டிதானா?

சிரிக்கவேண்டாம். சரக்கு ஏற்றுவதால் மட்டும் வண்டி வணிக வண்டி ஆகிவிடாது. நியூயார்க்கில் நிறுத்த விதிகளுக்கு வணிக வண்டி என்று கொள்ளப்பட வேண்டுமானால், வணிகப் பதிவு எண் பலகை இருக்க வேண்டும். முன் இருக்கைகளைத் தவிர மற்ற இருக்கைகளும் அவற்றின் பொருத்திகளும் நிரந்தரமாகக் கழற்றப்பட்டிருக்க வேண்டும். உரிமையாளர் பெயரும் முகவரியும் இரு பக்கமும் மூன்று அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் அழியாதபடி எழுதப்பட்டிருக்க வேண்டும். காந்தத் தகட்டில் பெயர் எழுதிக் காலையில் ஒட்டி மாலையில் எடுப்பது கணக்கில் வராது. எல்லா நகரமும் இவ்வளவு கறாராக இருப்பதில்லை என்றாலும், 'வணிக வண்டி' என்ற சொல்லுக்கு உங்கள் நகரம் தரும் விளக்கத்தை வாசிக்காமல் கட்டணம் கட்டாதீர்கள். குடும்பக் காரின் பின்னிருக்கையை மடக்கிச் சரக்கு ஏற்றுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆவணங்களை எடுத்து வைக்கும்போது பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டிப் பதிவுச் சான்றில் ஒருவர் பெயர், காப்பீட்டில் நிறுவனப் பெயர், வணிக உரிமத்தில் பழைய முகவரி என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்த வண்டி என்றால் ஒப்பந்த நகலும் வண்டி உரிமையாளரின் கடிதமும் கேட்பார்கள். கட்டடம் வாடகை என்றால் கட்டட உரிமையாளரின் ஒப்புதல் கடிதம். கட்டாத பழைய அபராதம் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். நிலுவை உள்ள வண்டிக்குப் பல இடங்களில் அனுமதி தருவதில்லை.

அக்கம்பக்கம்

புதிய இடம் கேட்பவர்கள் அதிகாரியைப் பார்க்கும் முன் பக்கத்துக் கடைக்காரரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு லோடிங் இடம் வருகிறது என்றால் அவருடைய வாடிக்கையாளரின் கார் நின்ற இடம் போகிறது. இதை அவர் அறிவிப்புப் பலகையில் படித்துத் தெரிந்துகொண்டால் ஆட்சேபம் நிச்சயம். நீங்களே போய், நோட்டைக் காட்டி, "காலை ஏழிலிருந்து பத்து வரைதான் கேட்கிறேன், உங்கள் வண்டிகளும் அதிலேயே இறக்கலாம்" என்று சொன்னால் அவரே கூடக் கையெழுத்துப் போடக்கூடும். மேல்மாடிகளில் குடியிருப்பவர்கள் இருந்தால் அவர்கள் கவலை இடத்தைப் பற்றியதாக இருக்காது, சத்தத்தைப் பற்றியதாக இருக்கும். அதிகாலையில் தூக்குமேடை தரையில் மோதும் ஓசையைத் தூக்கத்தில் ஒருமுறை கேட்டவருக்குப் புரியும். அவர்களிடம் தொடக்க நேரத்தைப் பேரம் பேசுங்கள்.

கூட்டு விண்ணப்பம் எப்போதும் தனி விண்ணப்பத்தைவிடக் கனமானது. நான்கு கடைகள் ஓர் இடத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று எழுதினால், அலுவலகத்துக்கு மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

இனிப் படிவம்

படிவத்தில் பெரும்பாலான கட்டங்கள் கேட்டதை எழுதினால் நிரம்பிவிடும். கவனமாக இருக்க வேண்டியவை இரண்டுதான்: நேரமும் காரணமும்.

நேரம் என்ற கட்டத்தில் 'வாரம் ஏழு நாளும் 24 மணி நேரமும்' என்று எழுதும் ஆசையை அடக்குங்கள். உங்கள் நோட்டிலேயே மாலை நான்கு மணிக்குப் பிறகு ஒரு வண்டியும் இல்லை என்றால், இரவெல்லாம் காலியாகக் கிடக்கப்போகும் இடத்தை எதற்குக் கேட்கிறீர்கள்? குறுகிய நேரம் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். பிறகு நீட்டிக்கக் கேட்பதும் எளிது. நிற்கும் கால வரம்பையும் நடைமுறைக்கு ஏற்றபடி கேளுங்கள். பார்சிலோனாவிலும் பாரிஸிலும் சியாட்டிலிலும் பொதுவான வரம்பு முப்பது நிமிடம். நியூயார்க்கில் வணிக வண்டிகளுக்கு மூன்று மணி நேரம்வரை உண்டு. உங்கள் நோட்டில் வழக்கமாக இருபது நிமிடம் என்றால் முப்பது கேளுங்கள், இரண்டு மணி நேரம் கேட்காதீர்கள்.

காரணம் என்ற கட்டத்தில் 'வியாபாரம் பாதிக்கப்படுகிறது' என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "இக்கட்டடத்தின் நான்கு கடைகளுக்கும் வேலை நாள்களில் காலை 7 முதல் 10 மணிக்குள் சரக்கு வண்டிகள் வருகின்றன. ஒரு வாரக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது. வண்டிகளில் பெரும்பாலானவை இடமின்மையால் இரண்டாவது வரிசையில் நின்று, பஸ் செல்லும் தடத்தை மறிக்கின்றன. விளக்குக் கம்பத்திலிருந்து கிழக்கே பன்னிரண்டு மீட்டர் நீளத்தை மேற்கண்ட நேரத்தில் மட்டும் சரக்கு வண்டிகளுக்கு ஒதுக்க வேண்டுகிறோம். இந்த இடத்தை எந்தச் சரக்கு வண்டியும் பயன்படுத்தலாம் என்பதை அறிவோம்." அந்தக் கடைசி வாக்கியம் இருந்தால், சாலையைச் சொந்தம் கொண்டாட வந்தவர் இல்லை என்று வாசிப்பவருக்கு முதலிலேயே புரிந்துவிடும்.

கட்டணம் ஊருக்கு ஊர் வேறு. விண்ணப்பக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், பலகைக்கும் வண்ணத்துக்குமான செலவு என்று தனித்தனியாக இருக்கிறதா, விண்ணப்பம் மறுக்கப்பட்டால் எது திரும்ப வரும் என்பதைக் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதிலுள்ள விண்ணப்ப எண்ணைப் படமெடுத்து வையுங்கள். அடுத்து எங்கே தொலைபேசியில் பேசினாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

கள ஆய்வு நாள்

ஆய்வாளர் வரும் நாளை முன்கூட்டியே சொன்னால் அதிர்ஷ்டம். சொல்லாமலும் வருவார். கடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். எங்களிடம் வந்தவர் நடைபாதையில் நின்று இரண்டு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வண்டியை இங்கே நிறுத்தினால் பெட்டியை எந்த வழியாக உள்ளே கொண்டுபோவீர்கள்?" என்று கேட்டார். வாசலைக் காட்டினேன். வாசலுக்கும் விளிம்புக்கும் நடுவில் சைக்கிள் நிறுத்தும் கம்பிகள் வரிசையாக இருந்தன. தினமும் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் பெட்டிகள் வந்தன. பழகிப்போனதால் எங்கள் கண்ணில் படவே இல்லை. "நான்கு மீட்டர் மேற்கே தள்ளிக் கேளுங்கள் சார்" என்றார். வரைபடத்தை அங்கேயே திருத்தினோம். அவர் சொன்னபடி கேட்காமல் வாதாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆய்வாளர் வரும்போது நடைபாதையில் உங்கள் பெட்டிகளோ விளம்பரப் பலகையோ கிடக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிடைத்த பிறகு

அனுமதியின் பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள். ஏறக்குறைய எல்லா நகரங்களிலும் ஒரே கரு இருக்கும்: இறக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது மட்டும்தான் நிற்கலாம். ஓட்டுநர் சாப்பிடப் போனால், அடுத்த ஆர்டருக்காக வண்டிக்குள்ளேயே காத்திருந்தால், கடைக்காரரின் சொந்தக் கார் நின்றால், அது நிறுத்தம்தான், லோடிங் ஆகாது. அனுமதி ஒரு குறிப்பிட்ட பதிவு எண்ணுக்குத் தரப்பட்டது என்றால், வேனை மாற்றிய நாளிலேயே எண்ணை மாற்றப் பதிய வேண்டும். பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிப் புதிய கண்ணாடியில் ஒட்ட முயன்ற ஒருவரை எனக்குத் தெரியும். ஸ்டிக்கரும் கிழிந்தது, அபராதமும் வந்தது.

உங்களுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனங்களின் ஓட்டுநர்களுக்கு இந்த இடம் இருப்பது தெரியாது. அனுமதி வாங்கியும் லாரி இரண்டாவது வரிசையிலேயே நிற்பதற்கு இதுதான் காரணம். இடத்தின் படமும், நேரமும், நிமிட வரம்பும் கொண்ட ஒரு பக்கக் குறிப்பை ஆர்டர் போடும்போதே அனுப்புங்கள்.

விதிப்படி நின்றும் சீட்டு விழுந்தால் அன்றே வேலையைத் தொடங்குங்கள். வண்டி, பலகை, ஸ்டிக்கர் மூன்றும் ஒரே சட்டத்தில் தெரியும் படம், நேரம் குறித்த சரக்கு ரசீது, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து ஆகியவை மேல்முறையீட்டுக்குப் போதும். கெடு சில நாள்கள்தான் இருக்கும், சீட்டிலேயே எழுதியிருக்கும்.

மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "முடியாது" என்ற வாய்மொழி பதிலை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. பஸ் நிறுத்தத்துக்கு அருகில் என்றால் தள்ளிக் கேட்கலாம். சாலை குறுகலாக இருக்கிறது என்றால் பக்கத்துத் தெருவில் கேட்கலாம். இருபது மீட்டர் கூடுதலாகத் தள்ளுவண்டி தள்ளுவது, வாரத்துக்கு இரண்டு அபராதம் கட்டுவதைவிட மலிவு. நெரிசல் என்றால் நேரத்தை மாற்றுங்கள். நியூயார்க்கில் மாலை 7 முதல் காலை 6 வரை சரக்கு பெறுவதை நகரமே ஊக்குவிக்கிறது. அதற்குக் கடையில் ஒருவர் இருக்க வேண்டும், அல்லது நம்பகமான ஓட்டுநரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும். இரண்டாவதற்கு மனம் துணிய எனக்கு ஓர் ஆண்டு ஆனது.

கிடைத்தவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை. அனுமதி முடியும் நாளைக் கைப்பேசியில் மட்டும் குறித்து வைக்காதீர்கள். எங்கள் கடையில் அதை ஷட்டரின் உள்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிறோம். காலையில் ஷட்டர் ஏறும்போது கண்ணில் படும். ஆண்டுதோறும் முந்தைய தேதியை அடித்து, கீழே புதியதை எழுதுகிறோம்.